டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு ரெஸ்யூம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு டிராயிங் ஆபீஸில் செக்கராக இருக்கிறேன். பதினோரு வருடம் நானே வரைந்தேன். இப்போது மற்றவர்கள் வரைந்ததில் சிவப்புப் பேனாவால் சுழிக்கிற வேலை. ஆள் எடுக்கும் சமயத்தில் ரெஸ்யூம்களும் என் மேஜைக்கே வரும். தெரிந்தவர்களும் தெரிந்தவர்களின் தம்பி தங்கைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மெக்கானிக்கல், ஸ்ட்ரக்சுரல், சிவில் என்று மூன்று பக்கமும் கேட்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது முதல் இரண்டும்தான், அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

நாற்பது இடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒரு போன்கூட வரவில்லை. எங்கே தப்பு?

பெரும்பாலும் முதல் அரைப் பக்கத்தில். நான் ஒரு ரெஸ்யூமை எடுத்தால் முதலில் தேடுவது நான்கு விஷயம்: எந்த மாதிரி டிராயிங் போட்டவர், எத்தனை வருடம், இப்போது எந்த ஊரில் இருக்கிறார், எப்போது சேர முடியும். இது கண்ணில் படாவிட்டால் அடுத்ததை எடுத்துவிடுவேன். ஐம்பது ரெஸ்யூமுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

அந்த அரைப் பக்கத்தில் பொதுவாக என்ன இருக்கும்? 'புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்வது என் குறிக்கோள்' என்று ஒரு வரி. அதற்கு அடியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண். அதற்கும் அடியில் 'கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்'. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது.

வேலையைப் பற்றிய வரிகள்தான் இன்னும் மோசம். ஒருவர் இப்படி எழுதியிருந்தார் (ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், விஷயத்தை மட்டும் தமிழில் தருகிறேன்): 'டிராஃப்ட்ஸ்மேனாகப் பணியாற்றினேன். 2டி, 3டி டிராயிங்குகள் தயாரித்தேன்.' மூன்று வருட வேலையை இரண்டு வரியில் புதைத்துவிட்டார். போனில் கூப்பிட்டு என்னப்பா போட்டீர்கள் என்று கேட்டதும் கடகடவென்று கொட்டினார். அதையே எழுதச் சொன்னேன்:

'கன்வேயர் ஃப்ரேம், ஹாப்பர், சூட் (பொருள் கொட்டும் தொட்டி, அது சரிந்து இறங்கும் வழி) ஆகியவற்றுக்கு ஃபேப்ரிகேஷன் டிராயிங். ஜி.ஏ. (மொத்த அமைப்பு) டிராயிங்கிலிருந்து பார்ட் டிராயிங் வரை, மாதம் சுமார் 35 ஷீட், ஏ3 மற்றும் ஏ1. வெல்ட் சிம்பல், கட்டிங் லிஸ்ட், பி.ஓ.எம். (பொருள் பட்டியல்) எல்லாம் நானே. ஷாப்பிலிருந்து (பட்டறையிலிருந்து) வரும் சந்தேகங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து ரிவிஷன் போட்டேன்.'

ஆள் அதே ஆள்தான். ஆனால் 'கட்டிங் லிஸ்ட்' (எதை எந்த அளவில் வெட்டவேண்டும் என்ற பட்டியல்) என்ற ஒரு சொல்லே, இவர் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் என்று சொல்லிவிடுகிறது. கடைசி வரி அதைவிட முக்கியம். தன் டிராயிங்கை வைத்துக்கொண்டு வெல்டர் திட்டுவதைக் கேட்டவர்கள் அடுத்த டிராயிங்கை வேறு மாதிரிதான் போடுவார்கள்.

மாதம் எத்தனை ஷீட் என்றெல்லாம் யார் எண்ணி வைத்தார்கள்?

டிராயிங் ரெஜிஸ்டர் எண்ணி வைத்திருக்கும். அது கையில் இல்லையென்றால் ஒரு ப்ராஜெக்டை மட்டும் நினைத்துப் பாருங்கள்: மொத்தம் எத்தனை டிராயிங், எத்தனை பேர், எத்தனை மாதம். 'சுமார்' என்று போட்டுக்கொள்ளலாம். நேரில் கேட்டால் கணக்கை விளக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் பட்டியலை எப்படிப் போடுவது? எனக்கு எட்டு சாஃப்ட்வேர் தெரியும்.

எட்டும் ஒரே அளவுக்குத் தெரிந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. சிலர் நட்சத்திரம் போடுகிறார்கள், சிலர் கோடு வரைந்து 'ஆட்டோகேட் 90%' என்கிறார்கள். மிச்சம் பத்து எங்கே போனது என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஆட்டோகேட் 1982ல் வந்தது. அந்தப் பெயரை எழுதாத டிராஃப்டிங் ரெஸ்யூம் கிடையாது. அதனால் பெயரை மட்டும் எழுதினால் அது யாரையும் தனியாகக் காட்டாது. அதில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: எக்ஸ்ரெஃப் (வேறு டிராயிங் ஃபைலை இணைத்துக் காட்டுவது) வைத்து வேலை செய்தது, டைனமிக் பிளாக் (அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய பிளாக்) உருவாக்கியது, ஷீட் செட்டில் நூறு ஷீட்டை ஒரே தடவையில் பிளாட் (பிரின்ட்) எடுத்தது. 3டி சாஃப்ட்வேரான சாலிட்வொர்க்ஸ் என்றால் ஷீட் மெட்டலா, வெல்ட்மென்டா, கான்ஃபிகரேஷன் போட்டுப் பழக்கமா என்று சொல்லுங்கள். பயிற்சி மையத்தில் இரண்டு மாதம் மட்டும் படித்ததை 'பயிற்சி மட்டும்' என்று தனி வரியில் போடுங்கள். அதனால் மதிப்பு குறையாது. கலந்து எழுதிவிட்டு முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வதுதான் குறைக்கும்.

பட்டியலை நீட்டுவதற்குப் பதில், எந்த ஸ்டாண்டர்டில் வரைந்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் எனக்கு மிகவும் உதவும். இங்குள்ள கம்பெனிகளுக்கு ஃபர்ஸ்ட் ஆங்கிள்; அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் தேர்ட் ஆங்கிள் (வியூக்களை ஷீட்டில் அடுக்கும் இரண்டு முறைகள்). டாலரன்ஸில் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கத்தில்) இன்னும் நுட்பமான வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்க ஸ்டாண்டர்டான ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5ன்படி ஒரு ஷாஃப்டின் அளவுக்குக் கொடுக்கும் டாலரன்ஸே அதன் வளைவையும் கட்டுப்படுத்தும். சர்வதேச ஸ்டாண்டர்டான ஐ.எஸ்.ஓ.வில் தனியாகச் சொல்லாதவரை அளவு வேறு, வடிவம் வேறு. இது தெரிந்தவர்கள் 'ஜி.டி. அண்ட் டி. (வடிவம், இடம் ஆகியவற்றுக்கான டாலரன்ஸ்) தெரியும்' என்று மொட்டையாக எழுதுவதில்லை. எந்த ஸ்டாண்டர்டுக்கு, என்ன பார்ட்டுக்குப் போட்டேன் என்று எழுதுகிறார்கள்.

மெக்கானிக்கல், ஸ்ட்ரக்சுரல், சிவில் எல்லாவற்றுக்கும் ஒரே ரெஸ்யூம் அனுப்பலாமா?

கூடாது. மூன்றும் கோடு போடுகிற வேலைதான், ஆனால் பாஷை வேறு.

சென்னை, கோவை, திருச்சியில் அமெரிக்க ஃபேப்ரிகேட்டர்களுக்கு ஸ்டீல் டீட்டெய்லிங் செய்கிற ஆபீஸ்கள் நிறைய இருக்கின்றன. அங்கே டெக்லா (ஸ்டீல் கட்டமைப்புக்கான 3டி சாஃப்ட்வேர், பழைய ஆட்கள் இன்னும் எக்ஸ்ஸ்டீல் என்பார்கள்) தெரிந்தால் மட்டும் போதாது. அடி-அங்குலத்தில் ஓடவேண்டும். டபிள்யூ12×26 பீம் என்றால் சுமார் 12 அங்குல உயரம், அடிக்கு 26 பவுண்டு எடை என்று பார்த்ததும் தெரியவேண்டும், நம் ஊர் பீமான ஐ.எஸ்.எம்.பி. 300ல் பழகிய கைக்கு முதலில் திணறும். அப்ரூவல், ஃபேப்ரிகேஷன் என்று எந்தக் கட்டத்துக்கான டிராயிங் போட்டீர்கள், எரெக்ஷன் (தளத்தில் தூக்கி நிறுத்துவதற்கான) டிராயிங் செய்தீர்களா, ஆர்.எஃப்.ஐ. (விளக்கம் கேட்கும் கடிதம்) எழுதினீர்களா, எத்தனை டன் வேலை என்பதெல்லாம் இந்த ரெஸ்யூமில் வரவேண்டும். டன் கணக்கை வேறு இடங்களில் அதிகம் கேட்கமாட்டார்கள், இங்கே அதுதான் முதல் கேள்வி.

ஆர்.சி.சி. டீட்டெய்லிங் என்றால் பார் பெண்டிங் ஷெட்யூல் (கம்பி வளைக்கும் பட்டியல்) போட்டது, கான்கிரீட்டுக்கான இந்திய ஸ்டாண்டர்ட் ஐ.எஸ். 456, நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920. ஒரு எச்சரிக்கை: 13920 தெரியும் என்று எழுதிவிட்டு, கொண்டுவந்த தூண் டீட்டெய்லில் ஸ்டிரப் (சுற்றுக் கம்பி) கொக்கியை 90 டிகிரியில் போட்டிருந்தார் ஒருவர். 135 டிகிரி வேண்டும் என்பது அந்த ஸ்டாண்டர்டின் பாலபாடம். எழுதாமலே இருந்திருந்தால் கற்றுக்கொடுத்துக் கொள்ளலாம் என்று எடுத்திருப்போம்.

எம்.இ.பி. (மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங்) பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ரெவிட் சாஃப்ட்வேரும், மற்ற சர்வீஸ்களோடு மோதாமல் டக்ட், பைப் ரூட்டைக் கோஆர்டினேட் செய்த அனுபவமும் முதல் வரியில் இருக்கவேண்டும் என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் சொல்வார்கள்.

இப்போதுதான் ஐ.டி.ஐ. முடித்தேன். அனுபவமே இல்லையே, என்ன எழுதுவது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் கேட்பது இதைத்தான்.

பிளம்மர் பிளாக், ஸ்க்ரூ ஜாக், நக்கிள் ஜாயின்ட். புதிதாக வருகிறவர்களின் ஃபைலில் இந்த மூன்றும் இருக்கும். மூன்றும் பாடப்புத்தகத்தில் அளவோடு இருப்பவை. பார்த்து வரைந்தால் போதும். அதனால் வரைந்தவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரிவதில்லை.

சில வருடங்களுக்கு முன் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் இரண்டு வருடம் முடித்த ஒரு பையன் வந்தார். ரெஸ்யூம் ஒரே பக்கம். அதில் ஒரு வரி: 'வீட்டு டில்டிங் கிரைண்டரை அளந்து வரைந்தது, 6 ஷீட்.' கோயம்புத்தூர்க்காரனுக்குக் கிரைண்டர் என்றால் காது நிமிராதா? கூப்பிட்டுவிட்டேன்.

அம்மா மாவாட்டாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரைப் பிரித்திருக்கிறார். கடன் வாங்கிய வெர்னியர். ஸ்டாண்ட், டிரம், ஷாஃப்ட், புல்லி, பெல்ட் கவர் எல்லாவற்றுக்கும் தனித்தனி பார்ட் டிராயிங், ஒரு அசெம்பிளி, ஒரு பார்ட்ஸ் லிஸ்ட். பேரிங்கின் மேல் 6203 என்று இருந்ததைப் பார்த்து, கேட்டலாகில் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 என்று சரிபார்த்துப் போட்டிருந்தார். வாங்கும் பொருளுக்குத் தனி டிராயிங் போடக்கூடாது, லிஸ்டில் எண்ணைக் கொடுத்தால் போதும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு டாலரன்ஸ் இல்லை. ஏன் என்று கேட்டேன். "வெர்னியர்ல 0.02க்குக் கீழ தெரியாது சார், அதான் போடல" என்றார். கேட்டலாகைப் பார்த்தே ஃபிட்டை (எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தவேண்டும் என்பதை) போட்டிருக்கலாம்தான். ஆனால் அளக்க முடியாததை அளந்ததுபோல் எழுதாத ஒரு கை எங்களுக்கு வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டோம்.

ஆக, வீட்டிலோ பக்கத்துப் பட்டறையிலோ இருக்கிற ஒரு பொருளைப் பிரித்து அளந்து வரையுங்கள். தையல் மெஷின் ஸ்டாண்ட், பெஞ்ச் வைஸ், தண்ணீர் மோட்டார், எதுவானாலும் சரி. அதை ரெஸ்யூமில் 'ப்ராஜெக்ட்' என்ற தலைப்பில் மூன்று வரி எழுதுங்கள். சிவில்காரர்கள் சொந்த வீட்டையே டேப் பிடித்து அளக்கலாம். சுவர்கள் எவ்வளவு கோணல் என்று அப்போதுதான் தெரியும். அப்ரென்டிஸாக இருந்திருந்தால் அதை அனுபவமாகவே எழுதுங்கள், பட்டறையில் என்ன பார்த்தீர்கள் என்று சேர்த்து.

பழைய கம்பெனியில் போட்ட டிராயிங்கை மாதிரிக்குக் காட்டலாமா?

காட்டக்கூடாது. அது அவர்கள் சொத்து, அல்லது அவர்களுடைய வாடிக்கையாளரின் சொத்து. டைட்டில் பிளாக்கை (கம்பெனி பெயர், தேதி எல்லாம் இருக்கும் கட்டத்தை) அழித்துவிட்டுக் காட்டுகிறார்கள் சிலர். அது எனக்குச் சொல்வது ஒன்றுதான்: நாளைக்கு எங்கள் டிராயிங்கையும் இப்படித்தான் எடுத்துக்கொண்டு போவார்.

அதே வகை வேலையை வேறு அளவுகளில், சொந்தமாக யோசித்து மூன்று நான்கு ஷீட் வரையுங்கள். மெயிலில் பி.டி.எஃப். அனுப்புங்கள், நேரில் வரும்போது டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேட்) ஃபைலைக் கொண்டுவாருங்கள். திறந்து பார்ப்பேன். ஒருமுறை பார்க்க அழகாக இருந்த ஒரு ஷீட்டில் 120 என்று போட்டிருந்த கோட்டை அளந்தேன்: 119.87. கோட்டைத் திருத்தாமல் எண்ணை மட்டும் மேலே தட்டிவிட்டிருக்கிறார். அவ்வளவு நேரம் மெச்சிக்கொண்டிருந்த எனக்கு வாய் கசந்துவிட்டது. எல்லாக் கோடும் '0' லேயரிலேயே கிடப்பது, பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்து தனித்தனிக் கோடாக்கி வைத்திருப்பது, இவையும் ஃபைலைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

கல்யாணம், குழந்தை என்று நான்கு வருடம் வேலைக்குப் போகவில்லை அண்ணா. அதை மறைக்கவா?

மறைக்காதீர்கள் அம்மா. தேதிகளைப் பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்கு ஒரு வரி போதும்: 'குடும்பக் காரணத்தால் இடைவெளி, இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை.' விளக்கமும் மன்னிப்பும் வேண்டாம். எங்களுக்குள்ள சந்தேகம் வேறு: கை பழக்கம் விட்டுப்போயிருக்குமோ என்பது. அதற்குப் பதில் சமீபத்தில் போட்ட இரண்டு ஷீட்தான். போன மாதத் தேதியோடு டைட்டில் பிளாக் இருந்தால் கேள்வியே வராது.

டிப்ளமோவில் அரியர் இருக்கிறது. எழுதவேண்டுமா?

படிப்பு முடியவில்லை என்றால் முடிந்ததாக எழுதாதீர்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள் என்றால் எத்தனை தடவையில் முடித்தீர்கள் என்று நான் கேட்டதில்லை.

வயது 45. டிராயிங் போர்டில் கற்றவன். ஆட்டோகேட் ஓரளவு வரும். சின்னப் பையன்களோடு போட்டி போட முடியுமா?

வேகத்தில் முடியாது. போட்டியை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் மை போட்டுத் தப்பைப் பிளேடால் சுரண்டியவர்களுக்கு, கோடு போடுவதற்கு முன் யோசிக்கும் பழக்கம் இருக்கும். அது செக்கிங்குக்குத்தான் பொருந்தும். ரெஸ்யூமின் தலைப்பையே 'செக்கர் / சீனியர் டிராஃப்ட்ஸ்மேன்' என்று மாற்றுங்கள். எத்தனை பேர் டிராயிங்கைச் சரிபார்த்தீர்கள், எந்த வகைத் தப்பை ஷாப்புக்குப் போகாமல் பிடித்தீர்கள் என்று ஒரு உண்மைச் சம்பவத்தை எழுதுங்கள். 1998லிருந்து பார்த்த எல்லா வேலையையும் அடுக்கவேண்டாம். கடைசிப் பத்து வருடம் விரிவாக, மற்றது நான்கு வரி.

எத்தனை பக்கம்? போட்டோ, அப்பா பெயர், மதம், டிக்ளரேஷன்?

புதியவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இரண்டு. போட்டோ கேட்டால் மட்டும். அப்பா பெயர், மதம், திருமணமானவரா என்பதெல்லாம் எனக்கு எதற்கு? 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழியும் வேண்டாம். என் முதல் ரெஸ்யூமை பல்லடத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அடித்தேன். அவர்கள் வைத்திருந்த பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் 'இடம்: ஈரோடு' என்று யாருடைய ஊரோ நின்றுவிட்டது. அதோடு ஆறு கம்பெனிக்குப் போய்வந்தேன். டைமென்ஷனைச் சரிபார்க்கிற வேலைக்கு ஆள் கேட்கிறவர் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்!

பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் படிக்கும். டெக்ஸ்ட் பாக்ஸ், இரண்டு நெடுவரிசை டிசைன், படமாக வைத்த எழுத்து இவற்றில் அது தடுமாறலாம். ரெஸ்யூமையே ஏ3 ஷீட் மாதிரி பார்டர், டைட்டில் பிளாக் எல்லாம் போட்டு அனுப்பினார் ஒருவர். ரசித்தேன், ஆனால் போன் நம்பரைத் தேட வேண்டியிருந்தது. ஃபைலுக்கு 'ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2' என்று பெயர் வைக்காதீர்கள். பெயர், டிராஃப்ட்ஸ்மேன், எந்தத் துறை, அனுபவ வருடம்: இந்த வரிசையில் இருந்தால் நூறு ஃபைலுக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவேன்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது.

டிராயிங்கில் நோட்ஸ் எழுதுகிற அளவுக்கு வருமில்லையா, அதே நடை போதும். சின்னச் சின்ன வரி. நெட்டிலிருந்து எடுத்த அலங்காரப் பத்தி ஒன்றும் உங்கள் சொந்த வரி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒட்டுப் போட்டது தெரியும். எழுத்துப்பிழை மட்டும் இருக்கக்கூடாது; இரண்டு பேரிடம் காட்டுங்கள்.

அனுபவத்தை ஒரு வருடம் கூட்டிப் போட்டால் என்ன? எல்லோரும் செய்கிறார்களே.

செய்கிறார்கள். பி.எஃப். விவரத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அது போகட்டும், இரண்டு வருடம் பார்த்தவருக்கும் நான்கு வருடம் பார்த்தவருக்கும் நான் கொடுக்கிற டெஸ்ட் வேறு. கூட்டிப் போட்டால் கஷ்டமான டெஸ்ட் உங்களுக்கு வரும்.

டெஸ்டில் என்ன கொடுப்பீர்கள்?

புதியவர்களுக்கு ஒரு ஐசோமெட்ரிக் (முப்பரிமாணத் தோற்றம்) கொடுத்து மூன்று வியூ கேட்பேன், பேப்பரில், கையால். அனுபவம் உள்ளவர்களுக்கு வேண்டுமென்றே தப்பு வைத்த ஒரு டிராயிங்: விட்டுப்போன டைமென்ஷன், ஒரே அளவு இரண்டு இடத்தில் வேறு வேறாக, ஸ்பேனர் நுழைய இடமில்லாத போல்ட். கடைசியைப் பிடிப்பவர்கள் குறைவு. பிடித்தவர்களைச் சம்பளம் பேச அனுப்பிவிடுவேன்.

வளைகுடாவுக்கு அனுப்புவதென்றால்?

ஷாப் டிராயிங் (செய்து நிறுவுவதற்கானது), ஆஸ்-பில்ட் டிராயிங் (கட்டி முடித்தபடி வரைந்தது) என்ற சொற்கள் அங்கே முதலில் தேடப்படும். இரண்டையும் செய்திருந்தால் மேலேயே எழுதுங்கள். கன்சல்டன்டிடம் அப்ரூவல் வாங்கிய அனுபவத்தையும். பணம் கேட்கிற ஏஜென்டாக இருந்தால், முதலில் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அவர் பதிவுபெற்ற முகவரா என்று பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

அரசு வேலைக்கு?

டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும் இளநிலை வரைதொழில் அலுவலர் போன்ற பணிகளுக்குத் தேர்வுதான். ரெஸ்யூமை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தை எடுங்கள்.

மெயிலில் என்ன எழுதி அனுப்புவது? வெறுமனே இணைத்து அனுப்பினால் போதாதா?

வெற்று மெயிலைத் திறக்கவே தயக்கமாக இருக்கும். ஐந்து வரி போதும்: எந்த வேலைக்கு என்று ஒரு வரி, எத்தனை வருடம், என்ன மாதிரி டிராயிங் என்று ஒரு வரி, அவர்கள் செய்கிற வேலையோடு ஒத்துப்போகிற உங்கள் ப்ராஜெக்ட் ஒன்று, நோட்டீஸ் பீரியட், போன் நம்பர். எதிர்பார்க்கும் சம்பளத்தை அவர்கள் கேட்டிருந்தால் மட்டும் சேருங்கள். நாற்பது கம்பெனியையும் 'டு'வில் அடுக்கி ஒரே மெயிலாக அனுப்பாதீர்கள். அப்படி ஒன்று எனக்கு வந்தது. அதில் பக்கத்துத் தெரு ஆபீஸின் முகவரியும் இருந்தது. அங்கே வேலை பார்க்கிற நண்பரும் நானும் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். இரண்டு பேருமே அவரைக் கூப்பிடவில்லை.